பட்டியலில் இரண்டாவது போன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

இங்கே என் அறையில் இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டர் ஓயாமல் மக்கர் பண்ணியது. அதைக் கழற்றிவிட்டு, சொந்தமாகப் புதிது ஒன்று வாங்கி மாட்டினேன். அப்பா நம் வீட்டு வைஃபைக்கு வைத்த பெயரையும் பாஸ்வேர்டையுமே இதற்கும் வைத்தேன். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, இணைந்திருக்கும் போன்களின் பட்டியலில் என் போனுக்குக் கீழே 'அப்பா போன்' என்று வந்தது. அவர் காரியம் முடிந்ததும் நீ அணைத்துப் பீரோவில் வைத்தாயே, அந்தப் போனின் பெயர். அவர் வேலையிலிருந்து திரும்பும் அதே நேரம்.

கம்பெனி ஆள் வந்து பார்த்தார். "உங்க சொந்த ரவுட்டருக்கு நாங்க பொறுப்பில்லைங்க" என்று கைகழுவியவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆனா அந்த போன் இந்த ரூம்லதாங்க இருக்கு. சிக்னல் ஃபுல்லா காட்டுது" என்றார்.

பயப்படாதே, பழகிவிட்டது. இப்போதெல்லாம் ஆறு மணிக்குள் அறைக்கு வந்துவிடுகிறேன். இரண்டு நாளாகத்தான் அது விட்டுவிட்டு வருகிறது.

தலையணை உறை இரண்டு அனுப்பு. பீரோவில் அப்பா போன் இல்லையென்றால் தேடி அலையாதே. அதன் சார்ஜரை மட்டும் சேர்த்து அனுப்பிவிடு.

மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டது, முடிக்கிறேன்.

உன் மகன்