விரல் சொன்ன பதில்

12-3-1962, திங்கள்
ஆஸ்பத்திரியில் சேர்ந்து நான்கு நாள். வயிற்றில் புண் இல்லையாம். பின் ஏன் சோறு இறங்கவில்லை? தோல் மண்டி நன்றாகவே ஓடுகிறது. கடன் கிடையாது. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் சங்கடம்.

13-3
டாக்டர் ஞானராஜ் நர்சுகளைப் பழக்குகிறார். உடம்பு நோவுக்குப் பின்னால் மனச்சோர்வு இருக்கிறதா என்று ஒவ்வொரு நோயாளியிடமும் ஐந்து கேள்வி கேட்க வேண்டுமாம். தூக்கம், பசி, அழுகை, வேலையில் நாட்டம். கடைசியாக, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா.

நர்ஸ் புஷ்பமேரி பக்கத்துக் கட்டில் ராமரிடம் ஊருக்கே கேட்கும்படி கேட்டாள். அவன் வாய் திறக்குமுன் அவன் ஆத்தா ஒச்சம்மாள், "எம் மகனுக்கு என்ன கேடு? நீங்க ஊத்துற கஞ்சியக் குடிச்சாத்தான் சாகத் தோணும்" என்றாள். வார்டே சிரித்தது. புஷ்பமேரி 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

என் முறைக்கு சைனம்பு பதில் சொன்னாள். "நல்லாத் தூங்குறாக." பெண்டாட்டி சொன்னால் சரிதான். எனக்கும் 'இல்லை'.

14-3
புஷ்பமேரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சந்தையில கத்திக் கேட்டா எவம்மா வெலையச் சொல்லுவான்? துண்டைப் போட்டு, அதுக்குள்ள வெரலப் பிடிச்சுத்தான் பேசுவோம். பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது."

"ஆம்பளைக கையை நான் பிடிக்கவா பாய்?"

"நாடி பாக்க தெனம் பிடிக்கிறியே!"

சிரித்துவிட்டாள். இல்லை என்றால் மூடிய கை. எப்போதாவது என்றால் ஒரு விரல். தினமும் என்றால் இரண்டு. பழகிப் பார்க்க என் கையையே கொடுத்தேன். போர்வைக்குள் நான்கு கேள்விக்கும் விளையாட்டாகப் பதில் சொன்னேன். ஐந்தாவதுக்கு இரண்டு விரல் அழுத்தின.

நானா அழுத்தினேன்? முப்பது வருஷப் பேரத்தில் என் விரல் என்னைக் கேட்காமல் ஒருநாளும் நீண்டதில்லை.

"பழக்கத்துக்குத்தானே பாய்?"

"ஆமா" என்றேன். அவள் கையை விடவில்லை.

15-3
டாக்டரிடம் சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. எப்படிச் சாக நினைத்தேன் என்று அவர் கேட்டார். எங்கள் வீட்டுக் கிணறு என்றேன். அதனடியில் எத்தனை தடவை போய் நின்றேன் என்று கேட்டார். மூன்று என்றேன். தோல் எண்ணிச் சொல்வதுபோலச் சொன்னேன். சைனம்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

16-3
ராமரும் போர்வைக்குள் ஐந்தாவதுக்கு ஒரு விரல் காட்டினானாம். ஒச்சம்மாள் பக்கத்தில்தான் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாளாம்.

2-4
வீடு. மாத்திரையில் நாக்கு வறள்கிறது. கிணற்றுக்குப் பலகை அடித்து மூடியிருக்கிறார்கள். நேற்றுப்போல இன்று.

18-4
புஷ்பமேரி வீட்டுக்கே வந்தாள். சைனம்பு இருக்கும்போதே அந்த ஐந்தாவதைக் கேட்டாள். வாயாலேயே சொன்னேன்: "தெனமும் இல்லம்மா. எப்பவாச்சும்."

சைனம்பு டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். "சிஸ்டர், எங்கிட்டயும் அந்த அஞ்சையும் கேளுங்க. இவுக செத்த நேரம் வெளிய இருக்கட்டும்."

வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவு சாத்தியிருக்கிறது. பக்கத்தில் படுத்தவள் தூங்குகிறாளா என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள் பார்த்தேனா? உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. அவளும் விரலால்தான் சொல்கிறாள் போல.