ஷீன் என்று எழுதச் சொல்கிறார்கள்

அக்குறணை
வியாழக்கிழமை, அஸர் தொழுத பிறகு

அன்பு மகன் ரிஸ்மிக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மொம்பாசாத் துறைமுகத்தில் பிடித்து வைத்திருக்கிற அந்தக் கப்பலில் உன்னோடு அடைபட்டுக் கிடக்கிற மற்றப் பிள்ளைகளும் உடல் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே நானும் உன் தங்கச்சி றிப்தாவும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், அல்ஹம்துலில்லாஹ், ஆனால் நேற்றிலிருந்து எனக்கு நெஞ்சுப் படபடப்பு நிற்கவில்லை, பிரஷர் குளிசை போட்டும் அடங்கவில்லை. கப்டன் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிட்டார் என்று மொம்பாசாப் பள்ளி மௌலவி சொல்லித்தான் தெரியும். உங்களைப் பார்க்க அவர் கப்பலுக்கு வந்து போகிறாராமே, அவருக்கு அல்லாஹ் நல்லருள் செய்யட்டும். இதை றிப்தா படம் பிடித்து அவருக்கு அனுப்புவாள், அவர் அச்செடுத்து உன் கையில் தருவார். சாப்பாடு ஒழுங்காகத் தருகிறார்களா, கோபத்தில் பட்டினி கிடக்காதே, உனக்கு வயிறு காய்ந்தால் வாய் நீளும்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுப் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நிஸாம் ஹாஜியார் வந்தார், கூடவே கொழும்பிலிருந்து கப்பல் கம்பனியின் ஆள் ஒருவன், கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். உனக்குக் கப்பல் வேலை எடுத்துத் தந்தவர், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசி முடித்தவர், கதிரையைத் தள்ளிப் போட்டு உட்கார வைக்காமல் என்ன செய்வது. தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை கலியாணப் பேச்சுத்தான். பிறகு மெதுவாக, ஒங்கட மகன் துறைமுகத்து ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கிற வாக்குமூலத்துல ஒரு சொல்லை மட்டும் மாத்தணும் தங்கச்சி, என்றார். கடலில் எண்ணெய் மிதந்ததற்கு நீ ஸ்லிக் என்று எழுதப் போகிறாயாம். ஷீன் என்று எழுதினால் போதுமாம். ரெண்டும் ஒண்டுதான், தண்ணிக்கு மேல எண்ணெய், பேருலதான் வித்தியாசம், என்று கையை விரித்தார். கம்பனி ஆளோ, ஷீன் என்று எழுதினால் அடுத்த கிழமையே பிளேனில் ஏற்றிவிடுவோம், நிக்காஹ்வுக்கு வந்து நிற்கலாம், ஸ்லிக் என்று எழுதினால் வழக்கு முடியும்வரை சாட்சியாக அங்கேயே கிடக்க வேண்டியதுதான், பிறகு எந்தக் கப்பலிலும் ஏற முடியாது என்றான். பெரியவர் பக்கத்தில் இருக்கிறாரே என்ற மரியாதைகூட இல்லாத பேச்சு. நான் என் கையால் உனக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம், அவன் சனிக்கிழமை மொம்பாசாவுக்குப் பறக்கிறானாம், நாளை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து கடிதத்தை எடுத்துப்போவார்களாம்.

உனக்கு மறைத்து என்ன, அவர்கள் படி இறங்கியதும் நான் பேனையை எடுத்துவிட்டேன். வாப்பா மௌத்தான பிறகு உன் தங்கச்சியை நிக்காஹ் செய்து கொடுக்கிற பொறுப்பாளி, அவளுடைய வலி, நீதான் மகன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் தங்கையை உங்களுக்கு நிக்காஹ் செய்து தருகிறேன் என்று நீ சொல்வதைக் கேட்பதற்காகத்தான் இத்தனை நாள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளைக்கு லீவு முடிகிறது, வருகிற மாதம் முதல் ஞாயிறை மாற்ற முடியாது என்று அந்தப் பக்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு சொல்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்து, அன்பு மகனே என்று ஒரு வரியும் எழுதிவிட்டேன். அப்புறம்தான் றிப்தாவைக் கூப்பிட்டு அந்த இரண்டு சொல்லுக்கும் உண்மையில் என்ன அர்த்தம் என்று கேட்டேன். பேராதனையில் கெமிஸ்ட்ரி படித்தவள் சும்மாவா.

அவள் சொன்னாள், பேப்பர்காரர்களும் டீவிக்காரர்களும் கடலில் எண்ணெய் மிதந்தால் எல்லாவற்றையும் எண்ணெய்ப் படலம் என்றே போட்டுவிடுவார்கள், அதனால் நமக்கு ஒன்றாகத் தெரிகிறது, ஆனால் அளந்து எழுதுகிறவர்களுக்கு இரண்டும் வேறு. ஷீன் என்பது மேலே மினுங்குகிற மெல்லிய பூச்சு, வெள்ளியாகவோ வானவில் நிறமாகவோ தெரியும், காற்றிலும் அலையிலும் சீக்கிரம் கலைந்துவிடும். ஸ்லிக் என்பது திரண்டு மிதக்கிற படலம், தடித்துவிட்டால் எண்ணெயின் கறுப்பு நிறமே தெரியும், அது கலையாமல் நகர்ந்து கரைக்குப் போய் ஒட்டும். விருந்து முடிஞ்சு சஹன் தட்டை ஊறப்போட்டா பாக்கல்லயா உம்மா, ஒரு பக்கம் கலர் கலரா ஈக்கும், ஒரு பக்கம் கொழுப்பு கட்டியா மிதக்கும், அதுதான், என்றாள். அந்தப் படலம் கிடக்கிற இடத்தில் சின்ன அலைகூட எழும்பாதாம், கடல் அயன் பண்ணிய துணி போலக் கிடக்குமாம். அதைக் கேட்டதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. போனைப் பறிக்கும் முன்பு நீ கடைசியாகப் பேசியபோது, கப்பலுக்குப் பின்னால கறுத்த பட்டி மாதிரி நீளமாக் கெடக்கிது உம்மா, அதுல அலையே எழும்பல்ல, என்று அழாக்குறையாகச் சொன்னாய் அல்லவா. ராவில் கழிவெண்ணெய்க் குழாயைக் கடலுக்குத் திறந்துவிட்டார்கள் என்றும் சொன்னாய். மினுக்கம் என்று எழுதினால் ஏதோ தளத்தைக் கழுவிய தண்ணீர் போயிற்று என்று முடித்துவிடுவார்கள், குழாயைத் திறந்தது யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். வலையெல்லாம் கறுத்துப்போய்க் கரையில் உட்கார்ந்திருப்பதாக மௌலவி சொன்ன அந்த மீன்பிடிக்காரர்களைப் பொய்யர் என்று சொல்வது நீயாகத்தான் இருப்பாய். அதுவும் குர்ஆன்மேல் சத்தியம் செய்து.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போன வெள்ளத்தில் டவுன் முழுக்கத் தண்ணீர் ஏறியபோது, பின்னால் இருக்கிற கராஜின் எண்ணெய் மிதந்து வந்து இதே நிஸாம் ஹாஜியாரின் புடவைக்கடைக்குள் புகுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணி காஞ்சிரும், இந்த எண்ணெய் என்ன செஞ்சாலும் போவாது, என்ட சாமான் எல்லாம் நாசமாப் போச்சு, என்று நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். அன்றைக்கு அவருக்கு அது மினுக்கமாகத் தெரியவில்லை. தன் கடைச் சாரம் சாரிக்கு ஒரு நியாயம், அந்த ஏழைகளின் வலைக்கு இன்னொரு நியாயமா? நாளைக்கு வரட்டும், தேத்தண்ணி கொடுத்து, றிப்தா படம் பிடித்து முடித்த இந்தக் கடிதத்தையே உறை ஒட்டாமல் கையில் கொடுக்கிறேன், வாசித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோகட்டும். கலியாணத்தையும் குழப்பிவிடுவாரோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

ஸ்லிக் என்றே உன்னை எழுதச் சொல்லப்போகிறேன் என்று றிப்தாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், மஃரிப் தொழுகை வரைக்கும் வரவில்லை. நீ இல்லாமல் எப்படி என்று அழுதிருப்பாள், கண் வீங்கியிருந்தது. வெளியே வந்து, கலகெதரச் சாச்சாட கோட்டு இன்னும் அவருக்கு அளவாக் காணுமா உம்மா, என்று கேட்டாள்.  உன் இடத்தில் சாச்சா நிற்கட்டும் என்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதனால் மகன், நீ கண்டதைக் கண்டபடி எழுது. ஸ்லிக் என்றால் ஸ்லிக்தான். உன்னைத் தனியே விட்டுவிட்டதாக நினைக்காதே, அங்கே ஒரு நல்ல வக்கீலைப் பார்த்துத் தருவதாக மௌலவி வாக்குக் கொடுத்திருக்கிறார். கூடவே இன்னொரு தாளும் எழுத வேண்டும். என் தங்கை றிப்தாவை நிக்காஹ் செய்து கொடுக்க என் வாப்பாவின் தம்பி, கலகெதரச் சாச்சா ஹுதைபாவுக்கு என் பொறுப்பை ஒப்படைக்கிறேன் என்று உன் கையால் எழுதி, மௌலவியையும் இன்னொருவரையும் சாட்சி வைத்துக் கையெழுத்துப் போடு. நீ தராவிட்டால் காதி நீதிமன்றத்துக் காதியார்தான் வலியாக நிற்க வேண்டி வரும், சொந்த ரத்தம் இருக்க அது எதற்கு.

அல்லாஹ் உன் நாவையும் கையையும் உண்மையின் பக்கமே நிறுத்தி வைக்கட்டும், உன்னைப் பத்திரமாக என் கண் முன்னால் கொண்டுவந்து சேர்க்கட்டும். சுபஹுத் தொழுகையை விடாதே, இரவில் தனியாகத் தளத்தில் நிற்காதே. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இரண்டு தாளையும் ஒரே இருப்பில் எழுது, முதலில் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்துவிடு, பிறகுதான் தங்கச்சியின் தாளைத் தொட வேண்டும். அதை முதலில் எழுதினால் உன் மனம் மாறிவிடும். நான்கூட இந்தக் கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பார்க்காமல்தான் றிப்தாவிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
சித்தி றலியா