நிழலில் நட்ட பவளம்

ஞாயிறு, இரவு

தன் தம்பி கல்யாணத்துக்காக மும்தாஜ் எங்கள் பேகம்பூருக்கு வந்திருக்கிறாள். மண்டபம் என்ற கடற்கரை ஊரில் ஒரே அறையில் தங்கிப் பவளங்களை ஆராய்ந்த காலத்துக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

அப்போது தொட்டிகளில் கரியமில வாயுவை விட்டுக் கடல்நீரை அமிலமாக்குவோம். பாதித் தொட்டிகளுக்குப் பச்சை வலை கட்டி வெயிலைக் குறைப்போம். அமில நீரில் எல்லாமே மெதுவாகத்தான் வளர்ந்தன. முழு வெயிலில் இருந்தவை வெளுக்கவும் செய்தன. மிஞ்சிய பவளத் துண்டுகளைக் கடலில் நடும்போது எங்களுக்குள் பெரிய சண்டை.

"வெளிச்சம் இல்லாம எப்படிடி வளரும்?" என்றாள். நான் பிடிவாதமாக நாலைந்தைப் பாறை நிழலில் நட்டேன். அந்த வாரமே எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஊருக்கு வந்துவிட்டேன்.

இன்று பிரியாணி ஆற ஆற, செல்போனில் வீடியோ காட்டினாள். போன கோடையில் கடல் சூடேறி, வெயிலில் நட்டவை எல்லாம் வெள்ளையாகச் செத்துக் கிடந்தன. நிழலில் மூன்று மட்டும் பழுப்பாக, உயிரோடு இருந்தன. உள்ளங்கை அளவுகூட வளரவில்லை.

"அம்புட்டுத்தான் மிச்சம். எல்லாம் நீ நட்டது" என்றாள். நான் வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டேன். அந்த அறையின் ஈரத் துண்டு வாசம்கூட ஞாபகம் வந்தது.

"மே லீவுல மண்டபம் வாரியாடி?"

"வாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீச்சல் மறந்திருக்குமோ என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.