மக்காத கப்பும் என் மச்சானும்

மச்சான், நம் டீக்கடைக்குப் பின்னால் நிற்கும் வாழை இன்று பூத் தள்ளியிருக்கிறது. பார்த்ததும் உன்னைத்தான் திட்டினேன். குலை வெட்டுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாயே!

அந்த வாழைக்கு நீ செய்த பணிவிடை கொஞ்சமா? செங்கம் ரோட்டில் நாம் இருவரும் கடை போட்ட புதிதில், பிளாஸ்டிக்கே ஆகாது என்று ஒற்றைக் காலில் நின்றாய். மண்ணில் மக்கும் என்று சொல்லி விற்ற காகிதக் கப்பை மூட்டையாக வாங்கி வந்தாய். 'எங்கள் கப் மண்ணோடு மண்ணாகும்' என்று போர்டு வேறு. ஆசிரமப் பக்கம் தங்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் நம் கடைக்கே வருவார்கள். குடித்துப் போட்ட கப்பையெல்லாம் நீ வாழையடியில் புதைப்பாய். உரமாம்!

ஒரு மழைக்காலம் கழித்துக் கிளறினால், காகிதம் மட்டும் போயிருந்தது. உட்புறம் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் வேரைச் சுற்றிக்கொண்டு வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா மச்சான், வாழைக்கு ரெயின்கோட்டு மாட்டி வுட்டியா?"

நீ சிரிக்கவில்லை. நேராகப் போய்ப் போர்டைக் கழற்றினாய். நான் கையைப் பிடித்தேன்.

"டேய், நாளைக்குப் பௌர்ணமிடா. கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி வரும். அது முடியட்டும்."

"இதுவரைக்கும் தெரியாம சொன்னோம். இனிமே சொன்னா பொய்டா."

மறுநாள் கண்ணாடி டம்ளர். கழுவிக் கழுவி நம் கை ஊறியதுதான் மிச்சம், நடந்துகொண்டே குடிக்கிற கூட்டம் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிட்டது. தினமும் வருகிற ஒரு அம்மாவிடம் நீயே வலியப் போய்ச் சொன்னாய்: "அந்தக் கப்பு மக்கலீங்கம்மா. நாங்களும் ஏமாந்து, உங்களையும் ஏமாத்திட்டோம்." அவர் காசை வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவே இல்லை.

"இன்னும் நாலு பேர்கிட்ட சொல்லு, கடைய மூடிட்டு நாமளும் மலை சுத்தலாம்" என்றேன்.

"வாய் கம்மி பண்ணிட்டு டம்ளர தொடைடா."

துடைத்தேன். நின்று குடிக்கிற ஆட்கள் மெல்ல மெல்லச் சேர்ந்தார்கள். போனவர்கள் அத்தனை பேரும் திரும்பவில்லை.

நேற்று ஒருவர், "டீத்தூள் மருந்தடிக்காததா?" என்று கேட்டார். 'ஆமாங்க' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "தெரியலீங்க, கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தார். வயிறு எரிந்தது மச்சான், உன்னிடம் எதற்கு மறைக்க?

சாயங்காலம் இன்னொருவர் வந்து அதையே கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன்.