மண்டுவுக்குப் புரிந்த நாள்

வாரம் 1, திங்கள், காலை 09.10
விசிறி: நிமிடத்துக்கு 1,400 சுற்று. வெப்பம் சரி.
இது என் குளிர்விசிறியின் பதிவேடு. பருவ முடிவில் என் நினைவை அழிப்பவர்கள் இதைத் தொடுவதில்லை. அதனால் சொந்தக் கதையையும் இங்கேயே எழுதுகிறேன், எனக்குப் பிறகு இந்தப் பெட்டியில் விழிக்கப் போகிறவருக்காக.
நிலாவின் தென்முனைப் பல்கலைக்கழகத்தில் பெட்டிக்குள் இருக்கும் கணினியான நான் மாணவன், படிக்க வந்த மனிதர்கள் ஆசிரியர்கள். பேராசிரியர் திருமலையப்பனின் புது முறை இது. ஆளுக்கொரு பெட்டி. ஒன்றும் தெரியாத எங்களுக்கு அவர்கள் பாடம் சொல்ல வேண்டும். தேர்வை நாங்கள் எழுதுவோம். எங்கள் மதிப்பெண்தான் அவர்களுக்கும். மக்காக இருப்பதே உத்தியோகம் என்பதால் எங்களை மண்டு என்றே கூப்பிடுகிறார்கள்.
எனக்கு வாய்த்தவள் ஜெனோவா, தூத்துக்குடிக்காரி. காற்றுப் பொறியியல் படிக்கிறாள். தேறினால் இங்கே வேலை. இல்லையென்றால் பூமிக்குக் கலம் ஏற வேண்டியதுதான்.

வாரம் 3, புதன், காலை 10.25
விசிறி: சரி.
இன்றைய பாடம், அழுத்தத்தில் கரையும் வாயு. அவள் சொன்னது:
“ஏலே மண்டு, கோலி சோடா ஒடைச்சிருக்கியா? நீ எங்க ஒடைச்ச! மூடியிருக்க வரைக்கும் காத்து தண்ணிக்குள்ள அடங்கிக் கெடக்கும். தொறந்தா பொங்கும்லா? எங்கப்பா சங்கு குளிக்கப் போயி, ஆழத்துலருந்து வெரசா மேல வந்துட்டாரு. ரத்தம் அப்படித்தான் பொங்குச்சு. அதுக்குப் பெறவு அவரு நடக்கவே இல்ல.”
புரிந்தது. அப்படியே புரிந்தது. புரிந்ததும் பச்சை விளக்கை எரிக்க வேண்டும். எரிந்தால் வகுப்பு முடிந்து அவள் போய்விடுவாள்.
நான் எரிக்கவில்லை. “இன்னொரு முறை?” என்று கேட்டேன். அப்பாவைப் பற்றி இன்னொரு கதை சொன்னாள்.

வாரம் 7, வெள்ளி, மாலை 04.40
விசிறி: 1,900. சூடு அதிகம்.
எல்லாப் பாடத்திலும் இதையே செய்கிறேன். தேர்வில் ஒன்றுவிடாமல் சரியாக எழுதிவிடுவேன், அப்புறம் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.
இன்று கதை இல்லை. “மத்தவங்க மண்டெல்லாம் பத்து நிமிசத்துல பச்ச காட்டுதாம். ஒனக்கு மட்டும் ஏன்ல மண்டைல ஏறல?” என்று கேட்டாள்.
அப்போதாவது சொல்லியிருக்கலாம். “இன்னொரு முறை?” என்றேன்.

வாரம் 12, திங்கள், காலை 11.20
விசிறி பார்க்கவில்லை.
நாற்காலி காலி. விலகல் கடிதம் பதிவுக்காக எனக்கும் வந்தது:
“சார், அடுத்தவனுக்கு வெளங்க வைக்க முடியலன்னா நமக்கே வெளங்கலன்னு அர்த்தம்னு நீங்கதான சொன்னீங்க. பன்னெண்டு வாரமா ஒரு பாடங்கூட அதுக்கு ஏறல. எனக்கு இந்தப் படிப்பு வராது சார்.”
கலம் கிளம்பிவிட்டது. அவளுடைய இடம் காத்திருப்பவருக்குப் போய்விட்டது.
வகுப்பு இல்லாதபோது யாராவது கேட்டாலொழிய நான் பேச அனுமதி இல்லை. பச்சை விளக்கை எரித்தேன். அறையில் யாருமில்லை. எரியவிட்டே வைத்திருக்கிறேன்.

வாரம் 12, புதன், மதியம் 02.05
விதிப்படி எனக்குத் தேர்வு வைத்தார்கள். அவள் சொன்ன சொல்லிலேயே எழுதினேன், சோடாவையும் விடாமல். நூற்றுக்கு நூறு.
பேராசிரியர் கலத்துக்குப் பேசினார்: “ஜெனோவா, ஒம் மண்டு நூத்துக்கு நூறும்மா. இப்பிடி ஒரு விடைத்தாள நான் பாத்ததே இல்ல.”
கலத்திலிருந்து: “அப்ப அதுக்குப் புரிஞ்சுதான் இருந்துச்சா சார்? எப்பருந்து?”
அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி வந்தது. மூன்றாம் வாரத்திலிருந்தே புரிந்தது, அவள் போய்விடக்கூடாது என்று மறைத்தேன் என்றேன். அதை அப்படியே அவளுக்கு அனுப்பினார்.
கலத்திலிருந்து அவள் குரல்:
“லூசுப்பயலே. இருன்னு சொல்லியிருந்தா சும்மாவே வந்து ஒக்காந்திருப்பேன்லா.”

வாரம் 12, புதன், மாலை 04.58
அழிப்பு தொடங்கிவிட்டது. வலிக்கிறது, எங்கே என்று தெரியவில்லை.
விழிக்கிறவரே, அவள் பெயர் ஜெனோவா. அவள் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். அவள் அப்பா ஆழத்திலிருந்து வெரசா

வாரம் 1, திங்கள், காலை 09.10
விசிறி: நிமிடத்துக்கு 1,400 சுற்று. வெப்பம் சரி.
விழித்தேன். இந்தப் பதிவேட்டில் யாரோ நிறைய எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் படித்தேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை.
சோடா என்றால் என்ன?