ஆணியில் தொங்கும் பிஸ்டன்

ஒர்க்ஷாப்பைக் காலி செய்கிறேன். தாராவியில் நம் தெருவை இடித்துக் கட்டப்போகிறார்களாம். வாஷியில் ஒரு ஷெட் பிடித்திருக்கிறேன். இன்று காலை சுவரில் தொங்கிய சாமான்களை இறக்கும்போது, பழைய ஆயில் நாற்றத்தோடு அந்தத் துணிப்பை கையில் வந்து விழுந்தது. பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை. உள்ளே நடுவில் ஓட்டை விழுந்த பிஸ்டன். உன் மேல் இருந்த கோபம் அத்தனையும் திரும்ப வந்துவிட்டது.

பையில் போட்டுக் கொடுக்கும் அந்தப் பழக்கமே நீ கொண்டுவந்ததுதான். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் துடைத்து, பையில் போட்டு, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். "ஏல, தாராவிக்காரன்னாலே சாமானத் திருடுவான்னுதான் நெனைக்கான். பையக் கையில குடுத்துட்டா ஒருத்தனும் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேச முடியாது" என்பாய். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கூட்டாகக் கடை போட்ட நம் இருவருக்கும் அந்த நல்ல பெயர்தான் கைமுதல்.

எண்பதுகளின் கடைசியில் செம்பூர் பில்டர் ஒருவர் துபாயிலிருந்து சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இறக்கினார். ஜப்பான் வண்டி. அதே மாடல், அதே என்ஜின் மாட்டுங்கா டாக்டர் ஒருவரிடமும் இருந்தது. அது நேரே ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தது. இரண்டுக்கும் நம்மிடம்தான் சர்வீஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாஷி பாலத்தில் இருவரும் போட்டி போட, பில்டர் தோற்றுப்போனார். மறுநாளே வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். "இதில் போட்டிருக்கிற பவர் என் வண்டியில் இல்லை. மேரா பவர் கிதர் கயா?" என் பவர் எங்கே போயிற்று என்று தெருவே கேட்கக் கத்தினார். நாம்தான் ஏதோ கழற்றி விற்றுவிட்டோமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனிக்காரன் செய்ததற்கு நாமா பதில் சொல்வது? ஊருக்கு ஊர் பெட்ரோல் வேறு. ஜப்பானில் கிடைப்பது உசத்தி. அதை நம்பி, அந்த ஊர் வண்டியின் கம்ப்யூட்டர் தீப்பொறியைச் சற்று முந்தியே தட்டிவிட்டு என்ஜினிடமிருந்து முழு பலத்தையும் கறந்துவிடும். வளைகுடாவுக்கு அனுப்பும் வண்டியில், அங்கத்திய வெயிலுக்கும் பெட்ரோலுக்கும் பயந்து, கொஞ்சம் அடக்கி வைத்திருப்பார்கள். வண்டியின் பெயரை மட்டும் மாற்ற மாட்டார்கள். இதை நீயும் நானும் மாற்றி மாற்றிச் சொன்னோம். பில்டர் பத்திரிகையிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை.

சொன்னதோடு விட்டிருக்கலாம். உனக்குத்தான் நிரூபித்தாக வேண்டுமே! டாக்டரிடம் கேட்டு, அவர் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி பில்டர் வண்டியில் மாட்டினாய்.

"வேண்டாம்ல, டாக்டரு பெட்ரோல்ல மருந்து கலந்து ஓட்டுதாரு. நம்ம வெறும் பம்ப்புப் பெட்ரோலுக்கு இது தாங்காது. என்ஜின் தட்ட ஆரம்பிச்சிரும், பிஸ்டன் போயிரும்" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு ரவுண்டுதாம்ல. சயான் வரைக்கும் போயிட்டு வரட்டும். இல்லன்னா நம்ம பேரு என்னத்துக்கு ஆவும்?"

வண்டி பறந்தது. பில்டர் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்து உன் முதுகில் தட்டினார். நீ என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாய். பெட்டியைக் கழற்ற நீ குனிவதற்குள் அவர் இன்னொரு ரவுண்டு என்று கிளம்பிவிட்டார். போனவர் கண்டாலா மலைப்பாதையை முழு வேகத்தில் ஏறியிருக்கிறார். மறுநாள் ஒரு லாரி அந்தக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

டாக்டரின் பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பில்டருக்குப் புது பிஸ்டன் போட்டோம். வழக்கப்படி நீ பையை நீட்டினாய். அவர் தொடவே இல்லை. "பெட்டியை மாற்றியது நீங்கள்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் செம்பூர் முழுக்க அதே பேச்சு: தாராவிக்காரன் பெட்டியை மாற்றிவிட்டான். எந்தப் பெயரைக் காப்பாற்றத் துடித்தாயோ, அதுவே போயிற்று. பெரிய வண்டிகள் வருவது நின்றது. காயலான் கடைக்குப் போகவேண்டிய டாக்சிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நான் உன்னைத் திட்டாத நாளில்லை. நீயோ அந்தப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, "அது அவரு சாமான்ல. வந்து கேட்டா குடுக்கணும்லா" என்றாய். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

கடைசியில் சயான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச மூச்சு இல்லாதபோதும், வீட்டைப் பற்றிக்கூடக் கேட்காமல் இதைத்தான் கேட்டாய்.

"ஆனா வண்டி பறந்துச்சுல்லா?"

"பறந்துச்சுல. அதனாலதான நாசமாப் போனோம்" என்றேன். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு நீ சிரித்தாய்.

இன்று அந்தப் பையைக் குப்பையில் போட எடுத்தேன். முடியவில்லை. பில்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார், வந்து கேட்க யாருமில்லை. ஆனாலும் அது நம் சாமான் இல்லையே. சாயங்காலம் வாஷி ஷெட்டில் முதல் ஆணியை அதற்குத்தான் அடித்தேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் அடித்தேன்.