நாலாவது டின்

அன்பு மகன் நியாம்புவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அந்தத் தோஹா வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் தேவாலயத்தில் முழங்கால் போடும்போது கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி குறையவில்லை, ஆனாலும் கிழங்கும் பீன்ஸும் மசித்த கிமாங்காவை இரண்டு தட்டு காலி செய்த பிறகுதான் வலி என்கிறார். கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. போனில் நீ கேட்டாயே, குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று, அப்போது சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளியில் மாணவர் மன்றத்தைக் கவனிப்பது என் பொறுப்பு. பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதை மன்றத்தில் பேசுவார்கள், அதை நான் நோட்டில் எழுதித் தலைமையாசிரியர் முவாதிமேயிடம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. மன்றத் தலைவி மலெம்பா, ஆறாம் வகுப்புப் பிள்ளை, மே மாத மழையில் ஓடையைக் கடக்கப் போட்டிருந்த மரத்தண்டில் வழுக்கி வெள்ளத்தோடு போய்விட்டாள் என்று அப்போதே எழுதியிருந்தேன். அவள் இடம் காலியாகவே இருந்தது, செப்டம்பரில்தான் புதுத் தேர்தல் வைத்தோம். எப்போதும் போலத்தான் வைத்தோம், போட்டியிடும் மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார்கள், ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு காலி எண்ணெய் டின், பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போய் ஒரு பீன்ஸ் விதையைப் போட்டுவிட்டு வர வேண்டும். விதைகளை வாசலில் நின்று நான்தான் கொடுத்தேன், நூற்று எண்பத்து மூன்று பிள்ளைகள், நூற்று எண்பத்து மூன்று விதைகள். எல்லாம் முடிந்து உள்ளே போனால் டின் நான்கு இருந்தது. நாலாவது டின்னுக்கு முன்னால் சுவரோரம் யாரும் நிற்கவில்லை, சிமெண்டுத் தரை மட்டும் இரண்டு பாதம் அளவுக்கு ஈரமாக இருந்தது. மழை பெய்து அப்போது மூன்று வாரமாகியிருந்தது மகனே. அந்த டின்னில்தான் எல்லாவற்றையும்விட அதிக விதை, நான்கையும் கொட்டி மூன்று தடவை எண்ணினேன், நூற்று எண்பத்து நான்கு வந்தது.

முவாதிமேக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தி வைத்து, “பேயா வந்து ஓட்டு வாங்குது? எவன் வேலை இது, இப்பவே சொல்லிடுங்க” என்று கத்தினார். ஒன்றாம் வகுப்பில் ஒரு குட்டிப் பெண், வோய் நகரத்திலிருந்து இந்தப் பருவத்தில்தான் வந்து சேர்ந்தவள், மலெம்பாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, அவள் என் பாவாடையைப் பிடித்து இழுத்து, “நாலு பேருதான டீச்சர் நின்னாங்க? கடைசி அக்காவோட சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு, பாவமா இருந்துச்சு, அதான் அவங்களுக்குப் போட்டேன்” என்றாள். என் கையிலிருந்த டின் கீழே விழுந்து விதைகள் சிதறின. முவாதிமே அதைக் கேட்காதவர் போல, இரண்டாவதாக வந்த வாக்கியோதான் இனித் தலைவி என்று அறிவித்துவிட்டார். வாக்கியோ மேடைக்கு வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, “நான் ரெண்டாவதுதானே சார். முதல்ல வந்தவ கேட்டது என்ன ஆச்சுன்னு சொல்லுங்க, அப்புறம் நான் உக்காருறேன். டீச்சர், நோட்டை எடுங்க” என்றாள்.

உனக்கு அப்போது எழுதாமல் விட்டது இதுதான். ஏப்ரல் கூட்டத்தில் மலெம்பா எழுந்து, சின்னப் பிள்ளைகள் ஓடை மரத்தில் நடக்கப் பயப்படுகிறார்கள், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு வேண்டும் என்று கேட்டாள். நான் எழுதினேன். பக்கத்திலேயே, அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றும் எழுதினேன். முவாதிமேயிடம் கொண்டுபோகவே இல்லை. அன்றைக்குப் பரீட்சைத்தாள் திருத்துகிற அவசரம். அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் படித்தேன், நான் எழுதியதையும் சேர்த்துத்தான் படித்தேன். முவாதிமே தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளைகள் யாரும் என்னைத் திட்டவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் மன்றத்தின் வேலை. ஏழு பிள்ளைகள் ஓடைக்குப் பாலம் கேட்டு மனு எழுதிக்கொண்டு வட்டார அதிகாரியிடம் போனார்கள், நானும் கூடப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, “பெரியவங்களை வரச் சொல்லுங்கம்மா” என்றார். வாக்கியோ, “பெரியவங்க நாலு மாசமா வரலை ஐயா. அடுத்த மழை வந்து சொன்னாத்தான் கேப்பீங்களா?” என்றாள். அவர் சிரிப்பு நின்றுவிட்டது, பலகையும் இரும்புக் கயிறும் அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு சனிக்கிழமை ஊர் ஆண்கள் எல்லாம் கூடி, உன் அப்பாவும் காலை இழுத்துக்கொண்டு போய், பலகை அடித்து இரண்டு பக்கமும் இரும்புக் கயிறு கட்டி முடித்தார்கள். வாக்கியோ அன்றைக்குத்தான் தலைவி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அது முடிந்து மூன்றாம் நாள் மலெம்பாவின் அம்மா வீட்டுக்கு வந்தாள். நான் நோட்டைப் படித்தது அன்றே அவள் காதுக்கு எட்டியிருந்தும் அதுவரை வரவில்லை. டீ கொடுத்தேன், தொடவில்லை. “உங்க மேல கோபம் போயிடுச்சுன்னு சொல்ல வரலை டீச்சர்,” என்றாள். “அவ போனதுலேருந்து தினம் காலைல, பள்ளிக்கூடம் போற நேரத்துக்கு எங்க வீட்டுக் கதவு தானாத் தொறந்துக்கும். தாழ் போட்டாலும் தொறந்துக்கும். இப்ப மூணு நாளாத் தொறக்கலை. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.” சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அப்பாவிடம் சொன்னால், எல்லாம் மலைக்காற்று என்கிறார். ஆனால் அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு மகனே, வெளியிலிருந்து அடிக்கிற காற்று அதைச் சாத்தத்தான் செய்யும்.

கடவுள் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். பல்வலிக்கு மருத்துவரைப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தாயா, தள்ளிப் போடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய், ஆனால் இதைப் பற்றி அவரிடம் பேசாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா வாகேஷோ